28 சீட், விற்பனைக்கு 4 மட்டும்: பிசினஸ் கிளாஸ் இருக்கைக்காக விமானங்கள் காத்துக் கிடப்பது ஏன்?

ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் புத்தம்புதிய போயிங் 787-9 விமானங்களைப் பறக்கவிடத் தொடங்கியது. பிசினஸ் கிளாஸில் 28 இருக்கைகள். எல்லாம் புதுசு, எல்லாம் பொருத்தியாச்சு. ஆனால், ஆரம்பத்தில் டிக்கெட் விற்க முடிந்தது முதல் வரிசையில் இருக்கும் 4 இருக்கைகளுக்கு மட்டும்தான். மீதி 24 இருக்கைகள் கடல் தாண்டிச் சும்மா போய்விட்டுச் சும்மா திரும்பின. அதற்கு முன்பு பல மாதங்கள் இந்த விமானங்கள் போயிங் ஆலை வளாகத்திலேயே நின்றிருந்தன. என்ஜினில் கோளாறு இல்லை, இறக்கையில் விரிசல் இல்லை. சீட்டுக்குச் சான்றிதழ் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாற்காலிக்கு இத்தனை அமர்க்களமா என்று தோன்றும். பிசினஸ் கிளாஸில் போகிறவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்தானே, நமக்கென்ன என்றும் தோன்றும். ஆனால் ஏர் இந்தியாவின் பழைய விமானங்கள் எப்போது சரியாகும், புதிய விமானங்கள் ஏன் தாமதமாக வருகின்றன, எகானமியில் எத்தனை சீட் மிச்சமிருக்கும் ஆகிய எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு பொருளோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

சாய்வு நாற்காலி எப்படிக் கதவு வைத்த அறையானது?

2000-ம் ஆண்டு வரை பிசினஸ் கிளாஸ் என்றால் நன்றாகச் சாய்கிற, கால் நீட்ட இடமுள்ள ஒரு பெரிய நாற்காலி. அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் கிளாஸில் முழுக்கத் தட்டையாகப் படுக்கும் இருக்கையைக் கொண்டுவந்தது. ஒருவர் முன்பக்கம் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் பின்பக்கம் பார்த்து உட்காரும் அமைப்பு. இடம் மிச்சமானது. ஆனால் விமானம் கிளம்பும்போது முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஒரு முழம் தூரத்தில் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்!

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஜன்னலோரம் இருப்பவர் நடு ராத்திரியில் பாத்ரூம் போகணும் என்றால், பக்கத்தில் கால் நீட்டித் தூங்குகிறவரைத் தாண்டித்தான் போகணும். லட்சக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டு இருட்டில் இன்னொருத்தர் காலைத் தாண்டுவதை யாரும் விரும்பவில்லை. 2003-ல் விர்ஜின் அட்லாண்டிக் இருக்கைகளைச் சாய்கோணத்தில் வைத்து, ஒவ்வொருவருக்கும் நடைபாதைக்கு நேரடி வழி கொடுத்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் ஒரு வரிசைக்கு 1-2-1 என்ற அமைப்பே நல்ல பிசினஸ் கிளாஸின் அடையாளமானது. ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னலோரம் ஒன்று.

அப்புறம் வந்ததுதான் கதவு. 2017-ல் கத்தார் ஏர்வேஸ் ‘கியூசூட்’ என்ற பெயரில் நகரும் கதவு வைத்த இருக்கையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு அமெரிக்காவின் டெல்டாவும் கதவுள்ள சூட்டைப் பறக்கவிட்டது. 2019-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஜப்பானின் ஏஎன்ஏ, 2024-ல் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் என்று வரிசை நீண்டது. இன்று ஒரு பெரிய நிறுவனம் கதவில்லாத பிசினஸ் சீட்டை அறிமுகப்படுத்தினால், ‘கதவு எங்கே?’ என்பதுதான் முதல் கேள்வி.

கதவு என்றதும் அறை என்று நினைத்துவிட வேண்டாம். விமானப் பணிப்பெண் நின்றபடி எட்டிப் பார்க்கக்கூடிய உயரம்தான். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். உண்மையில் பயணிக்குக் கிடைப்பது, நடைபாதையில் போகிறவர் வருகிறவர் தூங்கும் முகத்தைப் பார்க்காமல் இருக்கும் சின்ன நிம்மதி. அந்தச் சின்ன நிம்மதிக்குப் பின்னால் இருக்கும் பொறியியல்தான் ஆலைகளில் விமானங்களை நிறுத்தி வைக்கிறது.

சான்றிதழ் சோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

விமான இருக்கை முதலில் ஒரு பாதுகாப்புக் கருவி. அதற்குப் பிறகுதான் படுக்கை. பெரிய பயணிகள் விமானத்தின் இருக்கையை, மனித உருவப் பொம்மையை உட்காரவைத்து, தண்டவாளத்தில் ஓடும் சட்டத்தில் கட்டி, திடீரென்று வேகம் மாற்றி மோதல் போலச் சோதிக்கிறார்கள். முன்னோக்கிய சோதனையில் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை. அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கணம் 1,100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் போல பெல்ட்டை இழுப்பார். அப்போது இருக்கை தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரக்கூடாது. பொம்மையின் தலை எதிலாவது மோதினால், அந்த அடியைக் கணக்கிட ஓர் அளவுகோல் உண்டு. அது 1,000 என்ற எண்ணைத் தாண்டினால் சீட் தோல்வி.

எகானமியில் இது ஓரளவு எளிது. எல்லோரும் நேராக முன்னே பார்த்து உட்காருகிறார்கள். ஒரு வடிவத்தைச் சோதித்தால் நூற்றுக்கணக்கான இருக்கைகளுக்கு அதுவே போதும். பிசினஸ் கிளாஸில் இருக்கை சாய்கோணத்தில் இருக்கிறது. விமானம் முன்னோக்கி மோதும்போது உடல் நேராகப் போகாமல் முறுக்கிக்கொண்டு போகும். கழுத்தும் முதுகெலும்பும் தாங்குமா என்பது தனிக் கேள்வி. விமானத்தின் நேர்கோட்டிலிருந்து 18 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கும் இருக்கைகளுக்கு, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ தனி நிபந்தனைகளே விதிக்கிறது. பெல்ட்டிலேயே ஏர்பேக் வைப்பது, கார் போலத் தோள்பட்டை பெல்ட் கொடுப்பது எல்லாம் இதனால் வந்தவைதான்.

கதவு சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும். மோதலில் கதவு நெளிந்து சிக்கிக்கொண்டால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்? மின்சாரம் போனால் கையால் திறக்குமா? விமானம் முழுக்க நிரம்பியிருக்கும்போது, பாதி வெளியேறும் வழிகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் எல்லோரும் இறங்கிவிட முடியும் என்று காட்டியாக வேண்டும் என்பது பொதுவான விதி. ஒவ்வொரு தடுப்புப் பலகையும் ஒவ்வொரு கதவும் அந்த 90 விநாடியில் ஒரு பங்கைத் தின்னக்கூடியவை. இது போக, பலகை, மெத்தை, பிளாஸ்டிக் என ஒவ்வொரு பொருளும் நெருப்பில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு புகை விடுகிறது என்ற சோதனை வேறு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு விமான வகையில் கிடைத்த அனுமதி இன்னொரு வகைக்குத் தானாக வந்து ஒட்டாது. தரை வேறு, உடல் வளைவு வேறு, ஜன்னல் இடைவெளி வேறு. லுஃப்தான்சாவின் ‘அல்லெக்ரிஸ்’ என்ற இந்தப் புதிய பிசினஸ் கிளாஸ் 2024 மே மாதத்திலிருந்தே ஏர்பஸ் ஏ350 விமானத்தில் பறந்துகொண்டிருந்தது. போயிங் 787-ல் பொருத்தியபோது மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டிவந்தது. அதிலும் அல்லெக்ரிஸ் ஒரே மாதிரி சீட் கிடையாது. நீளமான படுக்கை உள்ளது, கதவுள்ளது, கூடுதல் மேஜை இடம் உள்ளது என்று பிசினஸ் கிளாஸுக்குள்ளேயே பல வகை. பிடித்ததைத் தேர்வு செய்ய கூடுதல் கட்டணம். வகைகள் கூடினால் விற்க வசதி. சோதனைகளும் அதே அளவுக்குக் கூடும் என்பதை விற்பனைப் பிரிவு கொஞ்சம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

விமானம் ஓரிடத்தில், சீட் வேறிடத்தில்

வீடு கட்டும் பில்டரே கட்டிலும் போட்டுத் தருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. விமானமும் அப்படித்தான். போயிங்கும் ஏர்பஸும் விமானத்தைக் கட்டுகின்றன. பிசினஸ் கிளாஸ் சீட்டை விமான நிறுவனமே தனியாக ஒரு கம்பெனியிடம் வாங்கி, ஆலைக்கு அனுப்பிவைக்க வேண்டும். சீட் வரவில்லை என்றால் மற்ற எல்லாம் தயாரான விமானம் ஓரமாக நிற்கும்.

அந்தக் கம்பெனிகளோ மிகக் குறைவு. பிரான்ஸின் சஃப்ரான், அமெரிக்காவின் காலின்ஸ் ஏரோஸ்பேஸ், வட அயர்லாந்தின் தாம்சன், ஏர்பஸ் குழுமத்தின் ஸ்டெலியா, ஜெர்மனியின் ரெகாரோ, ஜப்பானின் ஜாம்கோ என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு விமான நிறுவனமும் ‘எங்களுக்கு மட்டும் தனி டிசைன்’ என்று கேட்பதால் தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ள முடியாது. கொரோனா காலத்தில் ஆர்டர்கள் நின்றபோது அனுபவமுள்ள தொழிலாளர்கள் வெளியேறினார்கள். பயணிகள் கூட்டம் திரும்பியபோது ஆட்கள் அதே வேகத்தில் திரும்பவில்லை.

விமானமே தாமதமானால் கதை இன்னும் விசித்திரம். அல்லெக்ரிஸ் சீட்டின் முதல் வடிவத்தை லுஃப்தான்சா 2017-ல் காட்டியபோது, அது 2020-ல் வரவிருந்த போயிங் 777-9 விமானத்துக்கானது. அந்த விமானத்தின் முதல் ஒப்படைப்பு இப்போது 2027 என்று தள்ளிப்போயிருக்கிறது. பத்து ஆண்டுக்கு முன் ‘எதிர்காலம்’ என்று காட்டிய சீட், பறக்கும் முன்பே பழசாகும் அபாயம். காத்திருக்க முடியாத நிறுவனங்கள் கையில் இருக்கும் விமானங்களையே பிரித்துப் புதுசாக்குகின்றன. எமிரேட்ஸ் 2022 நவம்பர் முதல் துபாயில் தன் சொந்தப் பொறியாளர்களை வைத்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. 2-3-2 என்று நடு சீட் இருந்த அதன் பழைய 777 பிசினஸ் கிளாஸ் 1-2-1 ஆக மாறிவருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 41 ஏ350 விமானங்களை மாற்ற 110 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்குவதாக 2024 நவம்பரில் அறிவித்தது.

எடையும் ஒரு தலைவலி. கதவு, மோட்டார், பெரிய திரை எல்லாம் விமானத்தின் முன்பகுதியிலேயே குவிகின்றன. லுஃப்தான்சா குழுமத்தைச் சேர்ந்த சுவிஸ் நிறுவனம், தன் ஏ330 விமானங்களில் புதிய முதல் வகுப்பையும் பிசினஸையும் வைக்கத் திட்டமிட்டபோது முன்பக்கம் கனத்துவிட்டது. சமநிலைக்காக வால் பக்கம் சுமார் ஒன்றரை டன் எடையுள்ள உலோகத் தகடு வைக்க வேண்டியிருந்தது. எதற்கும் பயன்படாத அந்த எடையையும் சுமந்து பறக்க எரிபொருள் செலவாகும். சொகுசின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவு பாடு எதற்கு?

பணத்துக்காகத்தான். 787 போன்ற விமானத்தில் எகானமி ஒரு வரிசைக்கு 9 பேர், பிசினஸ் ஒரு வரிசைக்கு 4 பேர். வரிசைகளுக்கு இடையிலான நீளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு பிசினஸ் சீட் ஏறத்தாழ மூன்று எகானமி சீட்டின் தரையைப் பிடிக்கிறது. டிக்கெட் விலை மூன்று மடங்குக்கு மேல் விற்கும்வரை நிறுவனத்துக்கு லாபம். நீண்ட தூர வழித்தடங்களில் அது நான்கு, ஐந்து மடங்கு விற்பது சாதாரணம்.

முன்பு இந்தச் சீட்டுகளை நிரப்பியவர்கள் கம்பெனி செலவில் போகும் அதிகாரிகள். கொரோனாவுக்குப் பிறகு சொந்தக் காசில், சுற்றுலாவுக்காகப் பிசினஸ் கிளாஸ் எடுக்கும் கூட்டம் உருவானது. கம்பெனி டிக்கெட்டுக்கு சீட் அழகு முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். சொந்தக் காசு கொடுப்பவர் யூடியூபில் பத்து வீடியோ பார்த்து, எந்த விமானத்தில் கதவு இருக்கிறது என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் கார்டைத் தேய்க்கிறார். அதனால்தான் சீட்டே விளம்பரமாகிவிட்டது. டெல்டாவில் 2025-ன் கடைசிக் காலாண்டில், பிரீமியம் வகுப்புகளின் டிக்கெட் வருமானம் சாதாரண வகுப்பின் வருமானத்தைத் தாண்டியது.

பின்வரிசைக்கு என்ன ஆகிறது?

விமானத்தின் நீளம் கூடுவதில்லை. முன்னால் ஒருவர் கால் நீட்டினால் பின்னால் யாரோ எழுந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். இப்போது பறக்கும் அதன் 787-9 விமானத்தில் 257 இருக்கைகள்: பிசினஸ் 48, பிரீமியம் எகானமி 21, மீதி 188 எகானமி. அதே வகை விமானத்துக்கு 2025-ல் அது அறிவித்த புதிய அமைப்பில் மொத்தமே 222. பிசினஸ் 64, அதில் 8 கூடுதல் விசாலமான ‘ஸ்டுடியோ’. பிரீமியம் எகானமி 35. எகானமி 123. ஒரே விமானம், 65 எகானமி சீட் குறைவு. மூன்றில் ஒரு பங்கு.

சிட்னியிலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் பறக்க குவான்டாஸ் வாங்கும் ஏ350-1000 விமானத்தில் மொத்தம் 238 சீட்தான், எகானமி 140. மற்ற நிறுவனங்கள் இதே விமானத்தில் முன்னூறுக்கு மேல் ஏற்றுகின்றன. அங்கே எடை, தூரம் என்ற காரணங்களும் உண்டு. ஆனாலும் போக்கு ஒன்றுதான்.

எகானமி சீட் எண்ணிக்கை குறைந்தால் மலிவு டிக்கெட்டும் குறையுமா? முன்வரிசைக் காசுதான் பின்வரிசை டிக்கெட்டைத் தாங்கிப்பிடிக்கிறது என்று நிறுவனங்கள் வாதிடுவது உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. பிசினஸ் நிரம்பாத வழித்தடம் மூடப்பட்டால் எகானமி பயணிக்கும் நஷ்டம்தான். ஆனால், விடுமுறைக் காலத்தில் கடைசி இருபது சீட்டுக்கு நூறு பேர் மோதும்போது 65 சீட் இல்லாமல் போனதை யாரும் உணராமல் இருக்க முடியாது. அகலமும் அப்படித்தான். 777 விமானம் வந்த காலத்தில் எகானமியில் ஒரு வரிசைக்கு 9 பேர் என்பது வழக்கம். இன்று பெரும்பாலும் 10. விமானத்தின் உடல் அகலம் மாறவே இல்லை. 787-ல் பெரும்பாலானோர் 9 பேரை அடைக்கும்போது, ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச விமானங்களில் 8 பேரோடு நிறுத்திக்கொண்டது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

இந்தியாவில் என்ன நிலை?

ஏர் இந்தியாவின் முதல் ஏ350 விமானம் 2024 ஜனவரியில் சேவைக்கு வந்தபோது, கதவுள்ள 28 பிசினஸ் சூட்கள் அதில் தயாராக இருந்தன. உலகமே சீட்டுக்குத் தவிக்கும்போது இது எப்படி? அந்த விமானங்கள் முதலில் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டப்பட்டவை. உக்ரைன் போருக்குப் பிறகு வந்த தடைகளால் மாஸ்கோ போக முடியாமல், இருக்கை அமைப்போடு டெல்லி வந்துசேர்ந்தன.

பழைய விமானங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஏர் இந்தியாவின் பழைய 787-8 விமானங்களில் பிசினஸ் கிளாஸ் 2-2-2, மொத்தம் 18 சீட். பக்கத்து ஆளைத் தாண்டிப்போகும் அதே பழைய கதை; திரை வேலை செய்யாது, சீட் சாயாது என்ற புகார்கள் வேறு. 67 பழைய விமானங்களைப் புதுசாக்க 40 கோடி டாலர் திட்டத்தை நிறுவனம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. சிறிய ஏ320 விமானங்களில் வேலை முதலில் நகர்ந்தது. பெரிய விமானங்களுக்கு சீட் கிடைக்கத் தாமதமானதால், முதல் 787-8 அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள போயிங் மையத்துக்குப் போனதே 2025 ஜூலையில்தான். 26 விமானங்களும் முடிய 2027 நடுப்பகுதி ஆகும். 13 போயிங் 777-300 விமானங்கள் முடிய 2028 அக்டோபர் ஆகும் என்பது நிறுவனம் அப்போது சொன்ன கணக்கு.

இதற்கிடையே வாடகைக்கு எடுத்த விமானங்கள், விஸ்தாரா இணைப்பில் வந்த விமானங்கள் என்று ஒரே கொடியின் கீழ் பல தலைமுறை சீட்டுகள் பறந்தன. ஒரே விலை கொடுத்த இருவரில் ஒருவருக்குக் கதவுள்ள சூட், இன்னொருவருக்குச் சாயாத நாற்காலி. லாட்டரிச் சீட்டு என்று சொன்னால் தப்பில்லை.

இண்டிகோ வேறு வழியில் போகிறது. 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் தொடங்கிய அதன் ‘ஸ்ட்ரெச்’ வகுப்பில் 12 சீட், 2-2 அமைப்பு, அறிமுக விலை 18,018 ரூபாயிலிருந்து. படுக்கை கிடையாது, கதவு கிடையாது. கொஞ்சம் அகலம், கொஞ்சம் சாய்வு. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அது தாராளம். ஆனால், 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் தொடங்கிய சேவைக்கு நார்ஸ் அட்லாண்டிக்கிடம் குத்தகைக்கு எடுத்த 787-9 விமானங்களிலும் ‘ஸ்ட்ரெச்’ என்பது சாய்வு நாற்காலிதான். பத்து மணி நேரப் பயணத்துக்கு அதை பிசினஸ் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வரியும் கூடியிருக்கிறது. எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகவே இருக்க, அதற்கு மேலான வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 18 சதவீதமானது. அடிப்படைக் கட்டணம் ஒரு லட்சம் என்றால் 6,000 ரூபாய் கூடுதல்.

டிக்கெட் போடும் முன் என்ன பார்க்கலாம்?

புக்கிங் பக்கத்தில் விமான வகையும் சீட் வரைபடமும் இருக்கும். நீண்ட தூர பிசினஸில் 1-2-1 என்று தெரிந்தால் தைரியமாகப் போகலாம். 2-2-2 அல்லது 2-3-2 என்றால் பழைய சீட். துபாய், தோஹா, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இரண்டு விமானத்தையும் தனித்தனியாகப் பார்க்கணும். சென்னையிலிருந்து கிளம்பும் நான்கு மணி நேரத் துண்டில் ஒரு சீட்டும், அடுத்த எட்டு மணி நேரத் துண்டில் வேறு சீட்டும் வரலாம். அதிகக் காசு கொடுப்பதே தூங்கத்தான் என்றால், ராத்திரி பறக்கும் நீளமான துண்டில் எது கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

புக் செய்த பிறகும் விமானம் மாற்றப்படலாம். நிறுவனங்கள் பொதுவாக உறுதி தருவது எந்த வகுப்பு என்பதற்குத்தான். எந்த மாடல் சீட் என்பதற்கு இல்லை. கதவுள்ள சூட்டுக்குப் பணம் கட்டியவர் 2-2-2-ல் உட்கார வேண்டி வந்தாலும், டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் ‘பிசினஸ்’ என்ற வார்த்தை பொய்யாகிவிடாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஆப்பில் சீட் வரைபடத்தை இன்னொரு முறை திறந்து பார்ப்பது நல்லது. விமானம் மாறியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.